பெங்களூரில் உங்கள் முதல் ஓட்டு: ஊரில் இருக்கும் பெயரை இங்கே மாற்றுவது முதல் பூத் வரை

2024 மக்களவைத் தேர்தலில் பெங்களூரு தெற்குத் தொகுதியில் சுமார் 53 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். பெங்களூரு மத்தி, வடக்குத் தொகுதிகளிலும் 54-ஐ ஒட்டி. அதே நாளில், அதே வெயிலில், பக்கத்தில் இருக்கும் பெங்களூரு ஊரகத் தொகுதியில் 68. தேர்தல் முடிந்ததும் இந்தக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, ஐ.டி. பசங்களுக்குப் பொறுப்பே கிடையாது, லீவு விட்டால் கூர்க் கிளம்பிவிடுகிறார்கள் என்று திட்டுவது இந்த ஊரில் ஒரு வழக்கம். அந்தத் தேர்தல் நடந்தது ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. திட்டுகிறவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் 2023 சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். லாங் வீக்எண்ட் ஆகிவிடக் கூடாது என்றே மே 10, புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்ததாகத் தலைமைத் தேர்தல் ஆணையரே அப்போது சொன்னார். அப்போதும் நகரம் 54 சதவீதத்தைச் சுற்றித்தான் நின்றது. மாநிலம் 73-ஐத் தாண்டியது. ஆக, கிழமையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று. ஓட்டு இயந்திரத்துக்கு உங்கள் வயது தெரியாது. தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று பிரித்து வெளியிடுகிறது, வயதுவாரியாக வெளியிடும் வழக்கம் இல்லை. இளைஞர்கள் இத்தனை சதவீதம் போட்டார்கள் என்று வரும் எண்கள் எல்லாம் கருத்துக்கணிப்பு மதிப்பீடுகள். உறுதியாகத் தெரிவது பட்டியல் கணக்கு மட்டும்தான்: 2024 தேர்தலுக்கு முன் நாடு முழுக்க 18, 19 வயதில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 1.8 கோடி. அந்த வயதில் இருப்பவர்களில் இது பாதிகூட இல்லை. அதாவது பாதிப் பேர் பூத்துக்கு வராமல் இருந்தது மட்டுமல்ல, வர வழியே இல்லாமல் இருந்தார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டால் இதற்கு இன்னொரு முகம் தெரியும். பெயர் இருக்கிறது, அட்டையும் இருக்கிறது. ஆனால் அது தர்மபுரியிலோ திருச்சியிலோ அம்மாவின் பீரோவில் இருக்கிறது. தேர்தல் நாளன்று இவர் மாரத்தஹள்ளியில் ஒரு பிஜியில், அதாவது மாத வாடகைக்குத் தங்கும் விடுதியில் இருக்கிறார். இதை அலட்சியம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இது காகித வேலை, அதுவும் தேர்தலுக்குப் பல வாரங்கள் முன்பே முடித்திருக்க வேண்டிய காகித வேலை. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. இதற்கு முன் ஓட்டே போட்டதில்லை என்றாலும் பரவாயில்லை, முதலிலிருந்தே போவோம்.

முதலில் ஒரு முடிவு: இங்கேயா, ஊரிலா?

ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பெயர் இருக்கலாம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சாதாரணமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கே பதிவு. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வருஷக்கணக்கில் பெங்களூரில் இருந்து வேலை பார்த்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவர் என்றால் உங்கள் பதிவு இங்கேதான் இருக்க வேண்டும்.

ஊரில் போட்டால்தான் ஓட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அந்த மனசு புரிகிறது. ஆனால் தினமும் நீங்கள் நீந்திப் போகும் சில்க் போர்டு ட்ராஃபிக், கோடையில் வாங்கும் டேங்கர் தண்ணீர், மழைக்கு மூழ்கும் அண்டர்பாஸ், இதெல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவர்களைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குப் பங்கே இல்லாமல் போகிறது. அதையும் சேர்த்து யோசியுங்கள்.

இங்கே கல்லூரியில் படித்து ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு மட்டும் விதி கொஞ்சம் இளகும். பெற்றோர் வீட்டு முகவரியிலும் பதியலாம், ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம். விருப்பம் உங்களுடையது. ஆனால் இரண்டில் ஒன்று.

இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2024-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, பெங்களூரில் ஏப்ரல் 26 என்று ஒரு வாரம் இடைவெளி விட்டு வந்தபோது இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. விண்ணப்பத்தில் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

படி 1: உங்கள் பெயர் இப்போது எங்கே இருக்கிறது?

கையில் அட்டை இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு. அட்டை வெறும் அடையாளம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டையைக் காட்டி ஓட்டுப் போட முடியாது.

தேர்தல் ஆணையத்தின் வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெயர் தேடும் பகுதி இருக்கிறது. அட்டையில் மூன்று எழுத்தும் ஏழு எண்ணுமாக இருக்கும் எபிக் எண்ணைப் போட்டுத் தேடுவது சுலபம். அட்டை ஊரில் இருந்தால் அம்மாவிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் போட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். எண் கிடைக்கவே இல்லையா, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மாவட்டம் கொடுத்தும் தேடலாம். அதில் எழுத்துக்கூட்டல் ஒத்துவராமல் கொஞ்சம் அல்லாட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் பெயர் இருந்தவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2025 நவம்பரில் அங்கே வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கி, டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு, முகவரியில் இல்லாதவர்கள், நிரந்தரமாக வேறிடம் போனவர்கள் என்று காரணங்கள். கடைசி இரண்டில் பெங்களூர்க்காரர்கள் வந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பெயர் இன்னும் அங்கே இருக்கிறதா, எப்போதோ போய்விட்டதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த படி.

படி 2: எந்தப் படிவம்?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். புதிய ஊர், புதிய முகவரி, அதனால் புதிய விண்ணப்பம் என்று நினைத்துப் படிவம் 6-ஐ நிரப்பிவிடுகிறார்கள். முன்பு தொகுதி விட்டுத் தொகுதி போனால் படிவம் 6-தான். 2022 ஆகஸ்டில் இது மாறிவிட்டது. பழைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

எந்தப் பட்டியலிலும் இதுவரை பெயர் இல்லாதவர், அல்லது இருந்த பெயர் நீக்கப்பட்டுவிட்டவர் என்றால் படிவம் 6. அட்டையும் பெயரும் வேறு எங்காவது இருக்கிறது, அதை இங்கே மாற்ற வேண்டும் என்றால் படிவம் 8. பெயர்த் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாமே அந்த 8-க்குள்தான் வரும். 8-இல் மாற்றினால் பழைய இடத்தில் இருக்கும் பெயரை நீக்கும் வேலையையும் அவர்களே பார்க்கிறார்கள், எபிக் எண்ணும் அப்படியே தொடரும். பெயர் ஊரில் இருக்கும்போதே இங்கே 6 போட்டால் இரட்டைப் பதிவு ஆகிவிடும். பின்னால் இரண்டில் எது போகும் என்று யாருக்கும் தெரியாது.

வயது பற்றி ஒரு வார்த்தை. முன்பு ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருந்தால்தான் அந்த வருஷம் பதிவு. பிப்ரவரியில் பிறந்தவர் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் முடியும். அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் என்று தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிளஸ் டூ பிள்ளை இருக்கும். அவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. அப்பா, அம்மா பெயர் அதே முகவரியில் ஏற்கெனவே இருப்பதால் முகவரித் தொல்லையும் இல்லை.

படி 3: முகவரிச் சான்று

வாடகைக்கு இருப்பவர்களை உண்மையில் வாட்டுவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

படிவம் கேட்கும் பட்டியல் இது: அந்த முகவரிக்குக் குறைந்தது ஒரு வருஷமாக இருக்கும் தண்ணீர், மின்சாரம் அல்லது காஸ் இணைப்பின் பில், ஆதார், வங்கி அல்லது அஞ்சலகத்தின் நடப்பு பாஸ்புக், பாஸ்போர்ட், வருவாய்த் துறையின் நில ஆவணம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், பதிவு செய்யப்பட்ட விற்பனைப் பத்திரம். இதில் ஏதாவது ஒன்று போதும்.

இப்போது பிஜியில் இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கரண்ட் பில் ஓனர் பெயரில். காஸ் சமையல்காரர் பாடு. ஆதாரில் சேலம் முகவரி. பாஸ்போர்ட்டிலும் அதேதான். வாடகை ஒப்பந்தமா? பிஜியில் ரசீது கொடுத்தாலே பெரிய விஷயம். தனி வீடு எடுத்திருப்பவர்களிடம் 11 மாத அக்ரிமென்ட் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி கையெழுத்தோடு நின்றிருக்கும். படிவம் கேட்பதோ பதிவு செய்யப்பட்டது.

வழி இருக்கிறது. என் அனுபவத்தில் சுலபமானது பாஸ்புக். சம்பளக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறதோ அந்தக் கிளைக்குப் போய், தற்போதைய முகவரியை மாற்ற என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். அது மாறிய பின், முகவரி அச்சான பாஸ்புக் பக்கத்தை வாங்கி வையுங்கள். ஆதாரில் முகவரியை மாற்றுவது இரண்டாவது வழி. கொஞ்சம் அலைச்சல், ஆனால் காஸ் இணைப்பு, சிம் என்று எல்லாவற்றுக்கும் உதவும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடலாமா என்று ஆரம்பத்திலேயே ஓனரிடம் பேசுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு எடுபடாது. கல்லூரி ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லை. கல்லூரி முதல்வரோ பதிவாளரோ கையெழுத்திட்ட உறுதிச் சான்று போதும்.

எதுவுமே இல்லையென்றால்? அப்போதும் விண்ணப்பம் தள்ளுபடி ஆக வேண்டியதில்லை. வாக்குச்சாவடி அலுவலர் நேரில் வந்து நீங்கள் அங்கே வசிப்பதை உறுதி செய்தால் போதும் என்று விதி இடம் கொடுக்கிறது. வீடே இல்லாமல் தெருவில் படுப்பவரைக்கூட, இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்து சேர்க்கச் சொல்லும் விதி அது. பிஜிவாசியைச் சேர்க்காமல் விடுமா?

என் பெயரில் பிஜி முகவரி போட்டால் ஓனர் சண்டைக்கு வருவாரா என்று சிலர் பயப்படுகிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் வாடகைதாரருக்கு வீட்டின் மேல் எந்த உரிமையும் வந்துவிடாது. நேரடியாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

படி 4: படிவத்தை நிரப்புவது

தளத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்துக் கணக்கு தொடங்கினால் ஓடிபி வரும். உள்ளே போய்ப் படிவம் 8-ஐத் தேர்ந்தெடுத்து, எபிக் எண்ணைக் கொடுத்தால் உங்கள் பழைய விவரம் திரையில் வரும். அது நீங்கள்தான் என்று உறுதி செய்த பின், முகவரி மாற்றம் என்பதையும், தொகுதிக்கு வெளியே என்பதையும் தேர்ந்தெடுங்கள். பிறகு கர்நாடகா, மாவட்டம், சட்டமன்றத் தொகுதி.

தொகுதியில் கவனம் வேண்டும். ஏரியா பெயரும் தொகுதிப் பெயரும் இந்த ஊரில் ஒத்துப்போகாது. கோரமங்களாவில் இருப்பவர் கோரமங்களா என்ற தொகுதியைத் தேடினால் கிடைக்காது, அது பி.டி.எம். லேஅவுட் தொகுதி. ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட் பொம்மனஹள்ளியில் வருகிறது. வைட்ஃபீல்டும் மாரத்தஹள்ளியும் மகாதேவபுரா. அல்சூர் சிவாஜிநகர். சந்தேகம் இருந்தால் உங்கள் தெருவில் ஏற்கெனவே ஓட்டு வைத்திருக்கும் அண்ணாச்சி கடைக்காரரின் அட்டையைப் பாருங்கள். எந்த இணையதளத்தையும்விட அது துல்லியம்.

அடுத்து இனிஷியல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, படிவமோ அதைக் கேட்கும். காலியாக விடலாம், கட்டாயம் இல்லை. உங்கள் பெயரை ஆதாரில் இருப்பது போலவே எழுதி, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ உறவினர் கட்டத்தில் முழுசாகப் போடுங்கள். இனிஷியலை ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வைத்திருப்பவர்கள் முதலில் ஆதாரில் எப்படி இருக்கிறது என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். இப்போது ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஆதார் வழியாக இ-சைன், அதாவது மின்னணுக் கையெழுத்து கேட்கிறார்கள். பெயர் ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆதாரோடு இணைத்த மொபைல் எண்ணும் கையில் இருக்க வேண்டும். இதெல்லாம் சரிவராவிட்டால் காகிதப் படிவத்தை நிரப்பி வாக்குச்சாவடி அலுவலரிடமோ, வாக்காளர் பதிவு அதிகாரி அலுவலகத்திலோ கொடுக்கலாம். ஆதார் எண் இல்லை என்று குறிப்பிடவும் படிவத்தில் இடம் இருக்கிறது.

பெயரைக் கன்னடத்தில் தளம் தானாகவே எழுதிக் காட்டும். பூத்தில் இருப்பவர்கள் கையில் கன்னடப் பட்டியலும் இருக்கும் என்பதால், கயல்விழி, தமிழ்ச்செல்வன் மாதிரிப் பெயர்கள் என்ன ஆகியிருக்கின்றன என்று கன்னடம் படிக்கத் தெரிந்த ஒரு நண்பரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பியதும் ஒரு குறிப்பு எண் வரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படி 5: வாக்குச்சாவடி அலுவலர் வரும் நாள்

பிஎல்ஓ என்று எல்லோரும் சொல்லும் இந்த அலுவலர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ மாநகராட்சி ஊழியராகவோ இருப்பார். தன் வழக்கமான வேலைக்கு மேல் இதைச் செய்கிறார். அவர் வருவது பகலில். அந்த நேரத்தில் நீங்கள் டெக் பார்க்கில். பிஜி வாட்ச்மேன், அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார், ஏனென்றால் அவருக்கு உங்களை மூணாவது மாடி நடு ரூம் என்றுதான் தெரியும். விண்ணப்பம் தள்ளுபடி. இந்த நகரத்தில் இளைஞர் ஓட்டு காணாமல் போகும் இடங்களில் இந்த வாட்ச்மேன் நாற்காலியும் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

அதனால் விண்ணப்பித்த அன்றே வாட்ச்மேனிடமும் பிஜி மேனேஜரிடமும் முழுப் பெயரைச் சொல்லிவையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கிரெடிட் கார்டுக்காரர் என்று வெட்டிவிடாமல் கொஞ்ச நாளைக்கு எடுங்கள். தளத்தில் உங்கள் பகுதி அலுவலரின் பெயரும் எண்ணும் தெரியும், நீங்களே அழைத்து, "மேடம், சனிக்கிழமை இருப்பேன், வர முடியுமா?" என்று கேட்கலாம். பெங்களூரில் கன்னடம் அரைகுறையாக இருந்தாலும் முயற்சி செய்து பேசுங்கள், பேச்சின் சூடே மாறிவிடும். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் என்றால் அவரே தமிழில் பதில் சொல்லக்கூடும். எதுவும் நகரவில்லை என்றால் 1950 உதவி எண்.

படி 6: காலக்கெடு

தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காக 2024 கணக்கைச் சொல்கிறேன். தேர்தல் அறிவிப்பு மார்ச் 16. பெங்களூருக்கு வேட்புமனுவின் கடைசி நாள் ஏப்ரல் 4. அந்த நாளுக்குப் பின் பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது என்பது சட்டம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் ஆட்சேபம் கேட்கவும் நாள் வேண்டும் என்பதால் சுமார் பத்து நாளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஆக மார்ச் 25 வாக்கில் கதவு மூடியாயிற்று. அறிவிப்பு வந்து பத்து நாள்கூட இல்லை. ஊரெல்லாம் பிரசாரம் சூடு பிடித்து, ரூமில் விவாதம் தொடங்கும்போது, பெயர் சேர்க்கும் வேலை முடிந்து பல வாரம் ஆகியிருக்கும்.

எனவே தேர்தல் எதுவும் கண்ணில் தெரியாத மாதம்தான் இதற்கு நல்ல மாதம். அதிகாரிகளுக்கும் அப்போது மூச்சு விட நேரம் இருக்கும்.

ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்த பின் பட்டியலில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை தபாலில் வரும். வராவிட்டாலும் கலங்க வேண்டாம், 2021 முதல் இ-எபிக் என்ற மின்னணு அட்டையைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

படி 7: லீவு

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு என்பது கம்பெனி தரும் சலுகை இல்லை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி (135B) பிரிவு தரும் உரிமை. தினக்கூலிக்காரருக்கும் உண்டு. தொகுதிக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கும் உண்டு என்று ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதாவது நீங்கள் பெயரை மாற்றாமல் ஊரிலேயே வைத்திருக்கிறீர்கள், தமிழ்நாட்டில் தேர்தல் என்றால், பெங்களூர் கம்பெனியிடமும் அந்த நாளைக் கேட்கலாம். நீங்கள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ வரும் என்ற வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. ஆமாம், ஐந்நூறு. நம்மூரில் பார்க்கிங் அபராதத்தோடு போட்டி போடும் தொகை. அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, ஹெச்.ஆருக்கு முன்கூட்டி ஒரு மெயில் போடுவது நடைமுறைக்கு நல்லது.

ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட்டை தேதி அறிவித்த அன்றே எடுத்துவிடுங்கள். மடிவாளாவில் கடைசி நேரத்தில் நின்று ஆம்னி பஸ் கட்டணம் கேட்டால் ஜனநாயகத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

படி 8: பூத்தில்

முந்தின இரவு பூத் எங்கே என்று மறுபடி பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம் இருப்பதால் அதுதான் பூத் என்று அர்த்தமில்லை. வேட்பாளர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் அன்று இரவு அரைமணி நேரம் போதும். ஒவ்வொருவரும் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் எழுதிக் கொடுத்த பிரமாணப் பத்திரம் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது.

கொண்டு போக வேண்டியது வாக்காளர் அட்டை. அது இல்லாவிட்டால் ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பாஸ்புக் போன்றவற்றில் ஒன்று. தனியார் கம்பெனி ஐடி கார்டு செல்லாது, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாலும். வீட்டுக்கு வரும் பூத் சிலிப் வழிகாட்டி மட்டும், அடையாளச் சான்று இல்லை. போனை உள்ளே கொண்டுபோக முடியாது.

காலையில் சீக்கிரம் போனால் வரிசை சிறிது. மூடும் நேரத்தில் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்து எல்லோரையும் போட விடுவார்கள், மணி ஆகிவிட்டது என்று திரும்பி வந்துவிடாதீர்கள். உள்ளே முதல் அலுவலர் பெயரையும் சான்றையும் சரிபார்ப்பார். அடுத்தவர் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். அந்த மை மைசூரில் அரசு ஆலையில் தயாராவது, 1962 பொதுத் தேர்தலிலிருந்து நாடு முழுக்கப் போகிறது. மூன்றாமவர் இயந்திரத்தை உங்களுக்காகத் திறந்துவிடுவார். மறைவுக்குள் போய், வேட்பாளர் பெயருக்கும் போட்டோவுக்கும் சின்னத்துக்கும் எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னத்தோடு ஒரு சீட்டு 7 வினாடி தெரியும். பீப் சத்தம் வரும் வரை நில்லுங்கள். யாரையும் பிடிக்கவில்லை என்றால் கடைசியில் நோட்டா இருக்கிறது, 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும், மிச்சமுள்ளவர்களில் அதிகம் வாங்கியவர்தான் வெற்றி என்பதைத் தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.

ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்று ரூமில் யாராவது கேட்டால் ஜெயநகரைச் சொல்லுங்கள். 2023-இல் அந்தத் தொகுதியின் முடிவு, நள்ளிரவு வரை எண்ணி எண்ணி, 16 ஓட்டு வித்தியாசத்தில் வந்தது. ஒரு பிஜியின் ஒரு மாடியில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். 2004-இல் இதே கர்நாடகாவின் சந்தேமரஹள்ளியில் ஒரே ஓட்டு.

நீங்கள் போவதற்குள் உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் சத்தம் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். உங்கள் அடையாளத்தை நிரூபித்து, தேர்தல் விதி 49-பி-யின்படி (49P) டெண்டர் ஓட்டு வேண்டும் என்று தலைமை அலுவலரிடம் கேளுங்கள். காகிதச் சீட்டில் போட்டு உறையில் வைப்பார்கள்.

வெளியே வந்தால், சில ஓட்டல்களில் மை விரலைக் காட்டினால் தோசை இலவசமாகவோ தள்ளுபடியிலோ கிடைக்கும். கேட்டுப் பாருங்கள்.

வீடு மாறும்போது

பெங்களூரில் வாடகை வீடு மாறுவது வருஷாந்திரத் திருவிழா. ஒவ்வொரு முறையும் படிவம் 8 போட வேண்டும். அதே தொகுதிக்குள் என்றால் தொகுதிக்குள் மாற்றம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாதேவபுரா ஓர் உதாரணம். 2025 ஆகஸ்டில் அந்தத் தொகுதிப் பட்டியலில் முறைகேடு என்று ராகுல் காந்தி குற்றம் சாட்டினார், ஆணையம் மறுத்தது. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். ஆனால் சிறிய வாடகை அறை ஒன்றின் முகவரியில் எண்பது பேர் வரை பெயர் இருப்பது அப்போது செய்தியானது. குடியிருந்தவர்கள் போய்விடுகிறார்கள், பெயர் மட்டும் தங்கிவிடுகிறது. வாக்குப்பதிவு சதவீதத்தைக் கணக்குப் போடும்போது இந்தப் பெயர்களும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடுகின்றன. 53 என்ற அந்த எண்ணில் எத்தனை பேர் உண்மையில் வீட்டில் படுத்திருந்தவர்கள், எத்தனை பேர் எப்போதோ ஹைதராபாத்துக்கு வேலை மாறிப் போனவர்கள் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

அப்புறம், இந்தப் பட்டியல் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். வார்டு தேர்தலுக்கான பட்டியலும் இதை வைத்துத்தான் தயாராகிறது. 2015-இல் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, அதன் பின் வருஷக்கணக்கில் கவுன்சிலரே இல்லாமல் இந்த ஊர் ஓடியது. 2025-இல் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். உங்கள் வீடு எந்த மாநகராட்சியில், எந்த வார்டில் விழுந்திருக்கிறது என்பதையும் கையோடு பார்த்து வைத்துவிடுங்கள்.